பழைய ஃபோர் வீல் டிரைவ் வண்டிக்கு மாற்று எஞ்சின்: கணக்கைப் பின் ஆக்ஸிலிலிருந்து தொடங்குங்கள்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். வயதான ஃபோர் வீல் டிரைவ் வண்டிகளுக்கு மாற்று எஞ்சின் தேர்ந்தெடுப்பது குறித்துத் தங்கள் நாளிதழில் வெளிவந்த கட்டுரையை ஆர்வத்துடன் படித்தேன். அத்தகைய வண்டி ஒன்றைப் பல ஆண்டுகளாக வைத்திருப்பவன், அதற்கு முதலில் பொருந்தாத எஞ்சினையும் பிறகு பொருத்தமான எஞ்சினையும் ஏற்றிப் பார்த்தவன் என்ற முறையில் சில கருத்துகளைத் தெரிவிக்க விரும்புகிறேன். கட்டுரையில் எஞ்சின்கள் அனைத்தும் குதிரைத்திறனை வைத்தே வரிசைப்படுத்தப்பட்டிருந்தன. அந்த வரிசையை நம்பி எஞ்சின் வாங்குகிறவர் பெரும்பாலும் கியர்பாக்ஸையும் ஆக்ஸிலையும் சேர்த்து வாங்க வேண்டிய நிலைக்கு வந்துவிடுவார் என்பதே என் கவலை.

சேற்றிலும் மலைப்பாதையிலும் இந்த வண்டிகளைக் கரையேற்றுவது குதிரைத்திறன் அன்று. குறைந்த சுழற்சியில் கிடைக்கும் முறுக்குவிசையும் (டார்க்), அதைப் பெருக்கித் தரும் டிரான்ஸ்ஃபர் கேஸ் என்னும் துணைக் கியர்பாக்ஸும்தான். பலருக்கும் தெரிந்த லேண்ட் ரோவர் சீரிஸ் 3 வண்டியையே எடுத்துக்கொள்வோம். அதன் 2.25 லிட்டர் டீசல் எஞ்சின் ஏறத்தாழ 62 குதிரைத்திறனும் 140 நியூட்டன் மீட்டர் முறுக்குவிசையும் தருவது. முதல் கியர், டிரான்ஸ்ஃபர் கேஸின் தாழ்நிலை (லோ ரேஞ்ச்), ஆக்ஸிலில் உள்ள 4.7 விகித டிஃபரென்ஷியல் என்னும் பற்சக்கரத் தொகுதி ஆகிய மூன்றின் விகிதங்களையும் பெருக்கினால் மொத்த விகிதம் 40-ஐச் சற்றே தாண்டுகிறது. அதாவது ஆக்ஸிலுக்குச் சுமார் 5,600 நியூட்டன் மீட்டர் போய்ச் சேருகிறது. இந்த வண்டிக்கு மாற்றாகப் பலரும் பொருத்துவது 1989-இல் டிஸ்கவரியுடன் அறிமுகமான 200 டிடிஐ எஞ்சின். அது நிமிடத்துக்கு 1,800 சுழற்சியிலேயே 265 நியூட்டன் மீட்டர் தருவதால், அதே கணக்கில் 10,600-க்கு மேல் போகிறது. எஞ்சின் நல்ல எஞ்சின்தான். ஆனால் அந்த வண்டியின் பின் ஆக்ஸில் ஷாஃப்டுகள் பெரும்பாலும் முனையில் 10 பல் (ஸ்ப்ளைன்) கொண்டவை, அசல் எஞ்சினின் இழுவைக்கென்று செய்யப்பட்டவை. ஏறக்குறைய இரண்டு மடங்கு இழுவையை அவற்றின் மேல் ஏற்றுகிறவர், வலுவான ஷாஃப்டுகளுக்கும் சேர்த்தே திட்டமிட வேண்டும், அல்லது வலக்காலைக் கட்டுப்பாட்டில் வைத்துக்கொள்ளப் பழக வேண்டும்.

நெடுஞ்சாலையில் எஞ்சின் கதறாமல் ஓட வேண்டும் என்பதற்காக 4.7 விகித டிஃபரென்ஷியலை எடுத்துவிட்டு 3.54 விகிதத்தைப் போடுகிறவர்களும் உண்டு. அது நியாயமான மாற்றமே என்றாலும், தாழ்நிலைப் பெருக்கம் அதனால் ஏறத்தாழ கால் பங்கு குறைந்துவிடுகிறது. ஏற்றத்தில் புதிய எஞ்சினின் கூடுதல் முறுக்குவிசை அந்தக் குறையை ஈடுகட்டிவிடும், இறக்கத்தில் அப்படியில்லை. பிரேக்கில் கால் வைக்காமல், எஞ்சின் பிடியிலேயே ஊர்ந்து இறங்கிப் பழகிய சரிவில் வண்டி முன்பைவிட வேகமாக இறங்கும்போதுதான் பலருக்கு இது உறைக்கிறது.

இடப்பொருத்தம் பற்றியும் கட்டுரை ஒரே வரியில் சொல்லிக் கடந்துவிட்டது. நான் முதலில் ஏற்றிய எஞ்சின் பானெட்டுக்கடியில் அழகாக உட்கார்ந்தது. பானெட் மூடியது, ஃபேன் ரேடியேட்டரைத் தொடவில்லை, எல்லாம் சரி என்று நம்பினேன். வண்டியைச் சமதரையில் நிறுத்தி அளந்ததால் வந்த நம்பிக்கை அது. முதல் பெரிய பள்ளத்தில் முன் ஆக்ஸில் மேலே எழும்பியபோது டிஃபரென்ஷியல் கூண்டு, எஞ்சினுக்குக் கீழே உள்ள ஆயில் தொட்டியான சம்ப்பின் அடியில் மோதியது. கீழே படுத்துப் பார்த்தபோது, சம்ப்பில் தேங்காய் மூடி அளவுக்கு ஓர் உள்தட்டலும், அதன் விளிம்பில் முடிபோன்ற விரிசலும், அந்த விரிசலிலிருந்து சொட்டுச் சொட்டாக எஞ்சின் ஆயிலும் தெரிந்தன. எஞ்சினை இறுதியாகப் பொருத்தி போல்ட்டுகளை இறுக்குவதற்கு முன் டிஃபரென்ஷியல் மேல் ஒரு பிடி களிமண்ணை அப்பி, ஸ்பிரிங் முழுவதும் அமுங்கும்படி செய்து, களிமண் எவ்வளவு நசுங்கியிருக்கிறது என்று பார்த்திருந்தால் அன்றே தெரிந்திருக்கும். அதனால், எண்ணெய்க் குழி முன்பக்கம் உள்ள சம்ப்பா, பின்பக்கம் உள்ள சம்ப்பா என்ற கேள்வியை எஞ்சினின் திறனைக் கேட்பதற்கு முன்பே கேட்க வேண்டும் என்று சொல்வேன்.

எடையும் இதோடு சேர்ந்ததே. கம்மின்ஸ் 4பிடி போன்ற 3.9 லிட்டர் டீசல் எஞ்சின் 300 கிலோவுக்கு மேல் கனக்கும். உழைப்பில் அதற்கு இணை சொல்வது கடினம். ஆனால் சிறிய, இலகுவான வண்டியில் ஏற்றினால் முன் ஸ்பிரிங், ஸ்டியரிங், எஞ்சின் மவுண்டிங் எல்லாவற்றையும் அதற்கேற்ப மாற்ற வேண்டியிருக்கும்.

பம்பு வழி எரிபொருள் செலுத்தும் பழைய டீசல் எஞ்சினா, கணினிக் கட்டுப்பாட்டில் மிகு அழுத்தத்தில் எரிபொருள் செலுத்தும் காமன் ரெயில் எஞ்சினா என்ற கேள்வியில் நான் தயக்கமில்லாமல் முதல் வகையின் பக்கம் நிற்கிறேன். பம்பில் எரிபொருளைத் திறந்து மூடும் சோலனாய்டுக்கு ஒரு மின்கம்பி கொடுத்தால் பழைய டீசல் எஞ்சின் ஓடிவிடும். காமன் ரெயில் எஞ்சினுடன் கட்டுப்பாட்டுக் கணினி, சென்சார்கள், மின்னணு ஆக்ஸிலரேட்டர், சாவியை அடையாளம் காணும் அமைப்பு எல்லாம் கூடவே வர வேண்டும். 1,000 பாரைத் தாண்டிய அழுத்தத்தில் வேலை செய்யும் அதன் இன்ஜெக்டர்கள் டீசலில் கலந்த சிறிதளவு தண்ணீரையும் பொறுத்துக்கொள்வதில்லை. சிக்கனத்திலும் புகை குறைவிலும் அது மேலானது என்பதை மறுக்கவில்லை. ஆனால் ஆள் நடமாட்டமில்லாத இடத்தில் ஸ்பேனரைக் கொண்டே சரிசெய்யக்கூடிய எஞ்சின்தான் இந்த வண்டிகளின் வேலைக்குப் பொருந்தும்.

மாற்றத்தான் வேண்டுமா என்ற கேள்வியையும் கட்டுரை எழுப்பவில்லை. புகை தள்ளுகிறது, இழுவை இல்லை என்றவுடன் எஞ்சினை இறக்கச் சொல்பவர்களே அதிகம். பெட்ரோல் எஞ்சினாக இருந்தால், கம்ப்ரெஷன் (அழுத்த அளவு) குறைந்த சிலிண்டருக்குள் ஒரு தேக்கரண்டி ஆயிலை ஊற்றி மறுபடி அளந்து பாருங்கள். அளவு ஏறினால் ரிங்கும் சிலிண்டர் சுவரும் தேய்ந்திருக்கின்றன. ஏறவில்லையென்றால் வால்வையோ ஹெட் கேஸ்கெட்டையோ சந்தேகிக்கலாம். இந்த இரண்டாவது நிலை ஹெட்டைக் கழற்றுவதோடு முடிகிற வேலை. பிளாக்கும் கிராங்கும் நன்றாக இருக்கும்வரை, ரீபோர் செய்து (சிலிண்டரைக் கடைந்து அகலப்படுத்தி) புது பிஸ்டன் போட்ட அசல் எஞ்சினுக்குத்தான் என் முதல் வாக்கு. மவுண்டிங், எஞ்சினையும் கியர்பாக்ஸையும் இணைக்கும் பெல் ஹவுசிங், ரேடியேட்டர், பதிவுச் சான்றிதழில் உள்ள எஞ்சின் வகை என எதையும் மாற்ற வேண்டியதில்லை.

தங்கள் நாளிதழ் இனி இத்தகைய ஒப்பீட்டுப் பட்டியலை வெளியிடும்போது, ஒவ்வோர் எஞ்சினுக்கும் குதிரைத்திறனுக்கு அருகிலேயே அதன் உச்ச முறுக்குவிசை எத்தனை சுழற்சியில் கிடைக்கிறது, சம்ப்பின் குழி எந்தப் பக்கம் இருக்கிறது, மொத்த எடை எவ்வளவு என்ற மூன்று விவரங்களையும் சேர்த்து அச்சிடும்படி பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
தங்கள் நெடுநாள் வாசகர்