லேடி கேனிங் சீட்

கண்ணம்மாவுக்கு,

இங்கே எல்லாரும் நலம். அப்பாவுக்குச் சர்க்கரை கட்டுக்குள் இருக்கிறது. பெரியம்மா வீட்டுக் கல்யாணம் நல்லபடியாக முடிந்தது. நீ ஏன் வரவில்லை என்று கேட்டவர்களிடம் லீவு கிடைக்கவில்லை என்று சொல்லிவிட்டேன். மாப்பிள்ளையையும் கேட்டார்கள். அவருக்கும் லீவு இல்லை என்றேன். வேளைக்குச் சாப்பிடுகிறாயா?

போன ஞாயிறு தம்பியோடு நம் குன்னூர் வியூ பாயிண்ட், லேடி கேனிங் சீட் வரை போனோம். ஒரே மேகம், எதிரே டுரூக் மலையே தெரியவில்லை. அந்த லேடி கேனிங் யார் என்று தம்பி கேட்டான், எனக்குச் சொல்லத் தெரியவில்லை. அப்புறம் லைப்ரரியில் எடுத்துப் படித்தேன்.

பெயர் சார்லட். 1817-ல் பாரிஸில் பிறந்தவள், அப்பா அங்கே பிரிட்டிஷ் தூதர். அவளும் தங்கை லூயிசாவும் சின்ன வயசிலிருந்தே வாட்டர்கலர் வரைந்தார்கள். பிரபு வீட்டுப் பெண் படம் விற்றுப் பிழைக்க முடியுமா? கடைசி வரை அமெச்சூர்தான். 18 வயதில் கல்யாணம். விக்டோரியா ராணியின் அந்தப்புரத் தோழியாகப் பல வருஷம் இருந்தாள். 1856-ல் புருஷன் கவர்னர் ஜெனரலாகக் கல்கத்தா வந்தபோது கூடவே வந்தாள். மறுவருஷமே சிப்பாய்க் கலகத்தில் நாடு பற்றி எரிந்தது. மனுஷர் காலையில் ஃபைலை எடுத்தால் ராத்திரி வரை தலை நிமிர மாட்டாராம். அத்தனை வேலைக்காரர்களுக்கு நடுவில் இவள் தனியாகத்தான் இருந்திருக்கிறாள். பிள்ளையும் கிடையாது. சரி, அதை விடு.

1858-ல் அவர் அலகாபாத்தில் இருந்தார். இவள் மெட்ராஸ் வழியாக நம் மலையேறி வந்து குன்னூரில் மாதக்கணக்கில் தங்கிவிட்டாள், வரைந்துகொண்டு. புருஷனை விட்டு வந்தாள் என்று யாரும் பேசியதாக நான் படித்த புத்தகத்தில் இல்லை. பேசினால்தான் என்ன?

இந்த ஈரத்தில் வாட்டர்கலர் என்ன பாடுபடுத்தும் என்று உனக்குத் தெரியாததா! முதல் பூச்சு காய்வதற்குள் அடுத்த மேகம் வந்து தாள் நமுத்துப்போகும். நீ ஒன்பதாவதில் வரைந்த டுரூக் படம் ஹாலில்தான் இருக்கிறது. அடிவாரத்து நீலத்தை ஈரம் காயும் முன்னே பஞ்சால் ஒற்றியெடுத்து மேகம் ஆக்கினாயே, அந்த இடத்தை வருகிறவர்களுக்கெல்லாம் அப்பா விரலால் சுட்டிக் காட்டுகிறார். ஓரத்தில் பூஞ்சை பிடித்திருக்கிறது. என்னைத் துடைக்க விட மாட்டேன் என்கிறார். இப்படிக் கையில் வித்தை இருக்கிறவள் பெயிண்ட் டப்பாவை இங்கேயே போட்டுவிட்டுப் போனால் என்ன அர்த்தம்? அவளுடைய படங்கள் சுமார் 350 லண்டனில் விக்டோரியா ஆல்பர்ட் மியூசியத்தில் இருக்கின்றன. உனக்கு ரயிலில் போகிற தூரம்தானே. கேட்டால் எடுத்துக் காட்டுவார்களோ என்னவோ, கேட்டுப் பார். வீட்டுக்குள்ளேயே அடைந்து கிடக்காதே.

இன்னொன்று. அவள் கடிதம் எழுதுவதில் குறையே வைக்கவில்லை. அம்மாவுக்கு, தங்கைக்கு, ராணிக்கு என்று பக்கம் பக்கமாக. அன்றைக்குக் கடிதம் லண்டன் போய்ச் சேர ஒரு மாதத்துக்கு மேல் ஆகும். உன் கையில் போன் இருக்கிறது, எனக்கு வருவதெல்லாம் ஒரு கட்டைவிரல் படம். வீடியோவில் வந்தாலும் சமையலறைச் சுவரைத்தான் காட்டுகிறாய். மாப்பிள்ளை தூங்குகிறார் என்கிறாய், இல்லை ஆபீஸ் என்கிறாய். நான் எதையும் கேட்கவில்லை.

உடம்பைப் பார்த்துக்கொள். அவள் 1861-ல் டார்ஜிலிங் போய்த் திரும்பும் வழியில் காட்டுக் காய்ச்சல் பிடித்து, நவம்பரில் கல்கத்தாவில் போய்விட்டாள். 44 வயது. ஊர் திரும்ப மூட்டை கட்டுகிற நேரம். பராக்பூரில் ஆற்றங்கரையில் அடக்கம் செய்தார்கள். அடுத்த ஜூனில் அவரும் போய்விட்டார். அத்தனை ஃபைலையும் கட்டிக்கொண்டு என்ன கண்டார்? மாப்பிள்ளையை மனசில் வைத்துச் சொல்லவில்லை. வேளைக்குச் சாப்பிடு.

மாடியில் குடியிருந்தவர்கள் போன மாதம் காலி செய்தார்கள். புரோக்கர் இரண்டு முறை ஆள் கூட்டி வந்தார். வாடகைக்கு விடுவதாக இல்லை என்று அனுப்பிவிட்டேன். டிக்கெட் செலவைப் பற்றி யோசிக்காதே. அப்பாவும் அதையேதான் சொன்னார்.

அம்மா