இந்த ஞாயிறு பிரஸ் சோதனை: எல்லோரும் பார்க்கவும்

வணக்கம் நண்பர்களே. நம் பட்டறைகளில் 20 டன், 30 டன் ஹைட்ராலிக் பிரஸ் (எண்ணெய் அழுத்தத்தால் அமுக்கும் இயந்திரம்) இல்லாத இடமே குறைவு. ஆயுத பூஜைக்குத் துடைத்துப் பொட்டு வைப்பதோடு சரி, அதற்கப்புறம் அதை யாரும் சோதிப்பதில்லை. இந்த ஞாயிறு அரை மணி நேரம் ஒதுக்குங்கள்.

முதலில் ஹோஸ், அதாவது எண்ணெய் போகும் குழாய். கசிவை விரலால் தடவிப் பார்க்கும் பழக்கத்தை இன்றோடு விடுங்கள். ஊசிமுனை ஓட்டையிலிருந்து பீய்ச்சும் எண்ணெய் தோலைத் துளைத்து உள்ளே போய்விடும். வெளியே எறும்பு கடித்த மாதிரி ஒரு புள்ளிதான் தெரியும், வலியும் முதலில் பெரிதாக இருக்காது. ஆனால் உள்ளே சதை கெட்டு விரலையே எடுக்க வேண்டி வரலாம். நீளக் குச்சியில் அட்டையைக் கட்டி நீட்டிப் பாருங்கள். யாருக்காவது பட்டுவிட்டால் மஞ்சள் வைத்துக் கட்டிக்கொண்டு காத்திருக்க வேண்டாம். உடனே பெரிய மருத்துவமனைக்குப் போய், பிரஷரில் எண்ணெய் உள்ளே ஏறிவிட்டது என்று தெளிவாகச் சொல்லுங்கள்.

அடுத்து, அமுக்க வேண்டிய பொருளை வைக்கும் மேடையைத் தாங்கும் பின்கள். என் பட்டறையில் ஒரு பின் தொலைந்துபோய், தம்பி ஒருவர் அதற்குப் பதிலாக போல்ட்டைச் செருகியிருந்தார். பேரிங் கழற்றும்போது போல்ட் வளைந்து மேடை ஒரு பக்கம் சாய்ந்தது. நல்ல வேளை, அப்போது அவர் கை உள்ளே இல்லை. இன்னும் நினைத்தால் பதறுகிறது. பிரஸ்ஸோடு வந்த பின்னைத் தவிர வேறெதையும் செருகாதீர்கள்.

வெல்டிங் மூலைகளில் விரிசல் இருக்கிறதா, அழுத்தம் காட்டும் கேஜின் முள் பூஜ்யத்துக்குத் திரும்புகிறதா என்றும் பாருங்கள். அழுத்தம் அளவு மீறாமல் காக்கும் ரிலீஃப் வால்வை மட்டும் யாரும் முறுக்க வேண்டாம்.

சந்தேகம் இருந்தால் பிரஸ்ஸை நிறுத்திவிட்டுப் படம் எடுத்துக் குழுவில் போடுங்கள், நேரில் வந்து பார்க்கிறேன்.