சரவாக் கிருமியும் உன் கத்தரிக்காய்ப் பாத்தியும்

கோலாலம்பூர்

அன்புள்ள குமரா,

உன் கடிதம் கிடைத்தது. மகளுக்குப் பினாங்கிலேயே வேலை அமைந்தது ரொம்ப நல்லதாய்ப் போயிற்று. இங்கே எல்லாரும் சுகம், மழைதான் விட்டபாடில்லை.

லேப்பில் என்ன செய்கிறாய் என்று கேட்டிருந்தாய். மெலியோய்டோசிஸ் என்ற தொற்றுநோயை உண்டாக்கும் கிருமிகளின் மரபணுத் தொகுதிகளை ஒன்றோடொன்று ஒப்பிட்டுக்கொண்டிருக்கிறேன். மண்ணிலும் தேங்கிய தண்ணீரிலும் கிடக்கிற கிருமி இது. கோலாலம்பூருக்கும் இதற்கும் பழைய உறவு: 1913இல் இங்குள்ள மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தில் வளர்த்த விலங்குகளுக்கு வந்தது, 1921இல் ஸ்டான்டன், ஃப்ளெட்சர் என்ற இரண்டு மருத்துவர்கள் நோய்க்குப் பெயர் வைத்தார்கள்.

சாதாரணமாக இது ஜெந்தாமைசின் என்ற கிருமிக்கொல்லி மருந்துக்கு மசியாது. உள்ளே வரும் மருந்தை வெளியே தள்ள அதனிடம் ஒரு பம்பு இருக்கிறது. அதனால் நோயாளியின் மாதிரியில் இதைப் பிடிப்பதற்காகக் கிருமி வளர்க்கும் ஆஷ்டவுன் தட்டிலேயே ஜெந்தாமைசினைக் கலந்துவிடுவார்கள். மற்றவை செத்துவிடும், இது மட்டும் ஊதா நிறத்தில், காய்ந்த திராட்சை மாதிரி சுருங்கி வளரும்.

போர்னியோ தீவில் இருக்கிற நம் சரவாக் மாநிலத்தில் கதையே வேறு. அங்கே நோயாளிகளிடம் எடுத்த கிருமிகளில் பெரும்பாலானவை ஜெந்தாமைசினில் செத்துவிட்டன! 2014இல் வந்த ஆய்வில் அவற்றின் மரபணுத் தொகுதியைப் படித்துப் பார்த்தார்கள். 7 மில்லியன் டிஎன்ஏ எழுத்துக்கு மேல் உள்ள தொகுதியில், அந்தப் பம்பின் ஏஎம்ஆர்பி மரபணுவில் ஓர் எழுத்து மாறியிருந்தது. எனக்குப் பிடித்தது அடுத்த காரியம்தான். இரண்டு கிருமிகளை ஒப்பிட்டால் ஆயிரக்கணக்கான வித்தியாசம் வரும், எதன்மேல் வேண்டுமானாலும் பழி போடலாம். இவர்கள் அந்த எழுத்தைப் பழையபடி திருத்தினார்கள்; எதிர்ப்பும் திரும்பி வந்தது. அப்புறம் யார் மறுக்க முடியும்?

மருந்துக்கு மடங்குகிற கிருமிதானே, நல்லது என்று நீ சொல்வாய். இல்லையடா. அந்தத் தட்டில் போட்டால் அதுவும் செத்துவிடும், ‘வளரவில்லை’ என்று ரிப்போர்ட் போகும், டாக்டர் வேறு நோயைத் தேடுவார். அதனால்தான் அங்கே ஜெந்தாமைசின் இல்லாத தட்டு வேண்டும் என்கிறார்கள்.

உனக்கு இனிப்புநீர், அதாவது சர்க்கரை நோய், இருக்கிறது. இது அதிகம் பிடிப்பது அப்படிப்பட்டவர்களைத்தான். பிடித்தால் முதலில் ஊசி, பிறகு மாதக்கணக்கில் மாத்திரை. நிபோங் தெபாலில் இந்த மழையில் வெறுங்காலோடு கத்தரிக்காய்ப் பாத்தியில் இறங்காதே. ரப்பர் பூட்ஸ் வாங்கு. உன் வீட்டுக்காரியிடமும் போனில் சொல்லிவிட்டேன்.

தைப்பூசத்துக்குத் தண்ணீர்மலைக்கு வருகிறோம். தங்கல் உன் வீட்டில்தான்.

உன்,
செல்வம்