கையெழுத்து போடுவதற்கு முன்னால்

அன்புள்ள பாப்பாவுக்கு,

நீ அனுப்பிய ராஷ்டிரபதி பவன் தோட்டத்துப் படங்களை அம்மா தெரு முழுக்கக் காட்டிவிட்டாள். துலிப் பூவைப் பார்த்துவிட்டு மாடிவீட்டு அத்தை பிளாஸ்டிக் என்றே சாதிக்கிறார். அந்தத் தோட்டத்தைப் பொதுமக்களுக்குத் திறந்துவிட்டவர் முதல் ஜனாதிபதி ராஜேந்திர பிரசாத். அவருக்கு முன்னால் அங்கே கவர்னர் ஜெனரலாகக் குடியிருந்த நம்ம ராஜாஜி, உணவுத் தட்டுப்பாட்டுக் காலத்தில் அதே வளாகத்தில் ஏர் பிடித்துத் தானியம் விளைவித்தவர். அப்படியிருக்க அவரை ஏன் முதல் ஜனாதிபதி ஆக்கவில்லை என்று கேட்டாய். போனில் சொல்லி முடிகிற கதையா அது?

சேலத்துக்காரர்களுக்கு இது பழைய மனக்குறை. இந்த ஊர் கோர்ட்டில் வக்கீலாக இருந்து, முனிசிபல் சேர்மனாகி, டெல்லி மாளிகை வரைக்கும் போன மனுஷர். நேருவும் அவரே தொடரட்டும் என்றுதான் நினைத்தார். 1949 செப்டம்பரில் பிரசாத்துக்கு அப்படியே கடிதமும் எழுதிவிட்டார். படேலுக்கும் இதே எண்ணம்தான் என்று அவரைக் கேட்காமலே சேர்த்து எழுதியது வேறு வம்பாகிவிட்டது. பிரசாத்துக்கு மனசு கஷ்டப்பட்டது. ஆனால் காங்கிரஸ்காரர்கள் 1942-ஐ மறக்கவில்லை. 'வெள்ளையனே வெளியேறு' வேண்டாம் என்று ராஜாஜி ஒதுங்கிக்கொண்டபோது, பிரசாத் கிட்டத்தட்ட மூன்று வருஷம் பாட்னாவில் சிறையில் கிடந்தார். கடைசியில் 1950 ஜனவரி 24 அன்று, நேருவே முன்மொழிய, படேல் வழிமொழிய, பிரசாத் போட்டியில்லாமல் தேர்வானார். 26-ஆம் தேதி காலையில் குடியரசுப் பிரகடனத்தை வாசித்தவர் ராஜாஜி. அடுத்த சில நிமிஷத்தில் பிரசாத் பதவியேற்றார். ராஜாஜி அப்புறம் இலாகா இல்லாத மந்திரி, உள்துறை மந்திரி, 1952-ல் சென்னையில் முதலமைச்சர் என்று கொடுத்த வேலையைப் பார்த்தார். மேலே இருந்து இறங்கி வந்தோமே என்ற கூச்சமே அவரிடம் இல்லை. சேலத்துப் பெருமை இத்தோடு போதும்.

பிரசாத்தைப் பற்றி நம்மூரில் யாரும் அவ்வளவாகப் பேசுவதில்லை. பீகாரில் ஜீராதேய் என்ற கிராமத்தில் 1884-ல் பிறந்தவர். கல்கத்தா பல்கலைக்கழக நுழைவுத் தேர்வில் முதலிடம். நல்ல வக்கீல் வருமானம் இருந்தும் 1917-ல் அவுரி விவசாயிகளுக்காகப் போராட காந்தியோடு சம்பாரணுக்குப் போனார். 1934 பீகார் பூகம்பத்தின்போது நிவாரண வேலை முழுக்க அவர் தலையில்தான். அரசியல் நிர்ணய சபையின் தலைவரும் அவரே. அப்போது ஜனாதிபதிக்கு மாதம் 10,000 ரூபாய் சம்பளம். அதில் ஒரு பகுதியை மட்டும் எடுத்துக்கொண்டார். 1962 மே வரை 12 வருஷம். வேறு யாரும் அந்த நாற்காலியில் அவ்வளவு நாள் இருந்ததில்லை.

நான் பத்திரம் எழுதிப் பிழைக்கிறவன். அதனால் எனக்கு அவருடைய கையெழுத்து மேல்தான் கண். வெறும் ரப்பர் ஸ்டாம்ப் என்று அவரைச் சொல்லுவார்கள். அது சரியில்லை. இந்துக்களின் திருமணம், வாரிசுரிமை விதிகளை மாற்றி, பெண்களுக்கும் சொத்தில் உரிமை தர வந்த இந்துச் சட்ட மசோதா அவருக்குப் பிடிக்கவேயில்லை. நேரடியாக ஜனங்கள் தேர்ந்தெடுக்காத தற்காலிக நாடாளுமன்றம் இவ்வளவு பெரிய மாற்றத்தைச் செய்யக்கூடாது என்றார். 1951 செப்டம்பரில், இந்த விஷயத்தில் என் சொந்த யோசனைப்படி நடக்க விரும்புகிறேன் என்று நேருவுக்கே எழுதினார். நேரு அட்டர்னி ஜெனரல் செதல்வாட்டையும் அரசியல் சட்ட நிபுணர் அல்லாடி கிருஷ்ணசாமி அய்யரையும் கேட்டார். அமைச்சரவை சொல்வதைத்தான் ஜனாதிபதி கேட்க வேண்டும் என்று இரண்டு பேருமே சொல்லிவிட்டார்கள். மசோதா கிடப்பில் போனது. சட்ட மந்திரியாக இருந்த அம்பேத்கர் ராஜினாமா செய்ததற்கு அது ஒரு முக்கியக் காரணம்.

1952 தேர்தலுக்குப் பிறகு அதையே தனித்தனிச் சட்டமாகக் கொண்டுவந்தார்கள். திருமணச் சட்டம் 1955-ல். வாரிசுரிமைச் சட்டம் 1956 ஜூன் 17-ல். இரண்டுக்கும் ஒப்புதல் கொடுத்தவர் இதே பிரசாத்தான். பெண்பிள்ளை விஷயத்தில் அவர் நினைத்தது தப்பு, அதில் எனக்குச் சந்தேகமே இல்லை. ஆனால் மனசில் உள்ளதை முதலில் எழுத்தில் சொன்னார், மசோதா முறையாக நிறைவேறி வந்ததும் கையெழுத்து போட்டார். அந்த ஒழுங்கு எனக்குப் பிடிக்கிறது.

இன்னொன்றும் சொல்கிறேன். சின்ன வயதிலேயே அம்மாவை இழந்த அவரைப் பார்த்துக்கொண்டவர் அக்கா பகவதி தேவி. 1960 குடியரசு தினத்துக்கு முந்தைய இரவு அந்த அக்கா இறந்துபோனார். காலையில் அணிவகுப்பு மரியாதையை ஏற்றுக்கொண்டு வந்த பிறகுதான் பிரசாத் தகனத்துக்குப் போனார்.

சரி, நம்ம விஷயத்துக்கு வருகிறேன். ஏற்காட்டுக் காப்பித் தோட்டத்தைப் பாகம் பிரிக்கப் போகிறோம். "பாப்பாதான் டெல்லியில் செட்டில் ஆயிட்டாளே, விடுதலைப் பத்திரம் எழுதி வாங்கிடலாமே" என்றான் உன் சித்தப்பா. அதாவது உன் பங்கை விட்டுக்கொடுத்துவிட்டதாக நீ எழுதித் தருவது. நீயும் பெருந்தன்மையாக, எங்கே கையெழுத்து போடணும் என்று கேட்டாயாம். ரிஜிஸ்தர் ஆபீஸ் பெஞ்சில் அப்படி உட்கார்ந்திருக்கும் பெண்களைத் தினமும் பார்க்கிறேன். அண்ணன் டீ வாங்கிக் கொடுப்பான், அண்ணி புதுப்புடவைப் பையைக் கையில் வைத்திருப்பாள். நான் எழுதியதை வாசித்துக் காட்டும்போது பாதிப் பேர் காதில் வாங்குவதே இல்லை. "படிச்சு என்னாகப் போகுதுங்க, எங்க போடணும்னு காட்டுங்க" என்பார்கள்.

பூர்வீகச் சொத்தில் மகளுக்கும் பிறப்பால் பங்கு என்று தமிழ்நாட்டில் 1989-லேயே வந்துவிட்டது. 2005-ல் நாடு முழுக்க வந்தது. அதனால் பாகப்பிரிவினைப் பத்திரத்தில் உன் பெயரையும் சேர்த்தே எழுதியிருக்கிறேன். மேட்டுப் பக்கம், சில்வர் ஓக்கில் மிளகுக் கொடி ஏறியிருக்கிறதே, அந்தத் துண்டு உனக்கு. வேண்டாம் என்றால் வேண்டாம் என்று காரணத்தோடு எழுது, நான் கேட்டுக்கொள்கிறேன். பெருந்தன்மை மட்டும் காரணமென்றால் ஒத்துக்கொள்ள மாட்டேன். தம்பிக்கு இதில் ஒரு வருத்தமும் இல்லை, அவனே சொல்லிவிட்டான். சித்தப்பாவை நான் பார்த்துக்கொள்கிறேன்.

நகல் தபாலில் வருகிறது. நில அளவு, சர்வே நம்பர், நான்கெல்லை எல்லாம் ஒருமுறை நிதானமாகப் படி. ஆதார், பான் கார்டு நகல், இரண்டு போட்டோ எடுத்துவை. டிக்கெட் எடுத்ததும் தேதி சொன்னால் டோக்கன் போட்டுவிடுவேன். இந்த வருஷத்துக் காப்பிக்கொட்டை வறுத்து வைத்திருக்கிறோம். சிக்கரி கலந்து அரைக்கவா வேண்டாமா என்று மாப்பிள்ளையிடம் கேட்டுச் சொல்.

அன்புடன்,
அப்பா