வெட்டு என்று சொல்லாத வெட்டு

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். மாநிலத்தின் கடன் பற்றியும் செலவுக் குறைப்பு பற்றியும் உங்கள் இதழில் வாசகர்கள் காரசாரமாக எழுதிக்கொள்வதைத் தொடர்ந்து படிக்கிறேன். இலவசங்களை நிறுத்தினாலே போதும், அந்தப் பணத்தில் ஆஸ்பத்திரியும் பள்ளிக்கூடமும் உருப்பட்டுவிடும் என்கிறார்கள் ஒரு சாரார். அரசு எந்தச் சேவையையும் வெட்டவில்லையே, எதற்கு இந்தப் புலம்பல் என்கிறார்கள் மறு சாரார். வருவாய்த் துறையில் காலம் தள்ளி ஓய்வு பெற்றவன் நான். இரண்டு பேரோடும் எனக்கு ஒத்துப்போகவில்லை.

முதல் சாராருக்கு 2001-க்கும் 2004-க்கும் இடைப்பட்ட காலத்தை ஞாபகப்படுத்த வேண்டும். கஜானா காலி என்று ஜெயலலிதா அரசு வெள்ளை அறிக்கை வெளியிட்டது. அப்புறம் வரிசையாக வந்தது கத்திரி. பஸ் கட்டணம் ஏறியது. விவசாயிகளின் இலவச மின்சாரம் போனது. வசதியுள்ளவர்கள், இவர்களுக்கு ரேஷன் பொருள் கிடையாது என்று சொல்லி கார்டில் 'எச்' முத்திரை குத்தினார்கள். முதல் சாரார் இன்று கேட்பதெல்லாம் அன்றே நடந்ததுதான். மிச்சப்பட்ட பணத்தில் அரசு அலுவலகங்களுக்கு ஆள் எடுத்தார்களா? இல்லை. 2001 நவம்பரில் பணி நியமனத்துக்கே தடை போட்டார்கள். 2006-இல்தான் அது நீங்கியது. இலவசத்தை வெட்டிய அதே கை, சேவையையும் சேர்த்தே வெட்டியது. ஒன்றை நிறுத்தினால் மற்றது தானாக வளரும் என்பதற்கு நம் ஊர் அனுபவத்தில் சாட்சி கிடையாது.

2003 ஜூலையில் அரசு ஊழியர்கள் செய்த வேலைநிறுத்தத்தையும், எஸ்மா, டெஸ்மா என்ற அத்தியாவசியப் பணிச் சட்டங்களைச் சொல்லி ஏறக்குறைய 1.7 லட்சம் ஊழியர்களை வீட்டுக்கு அனுப்பியதையும் பலர் மறந்திருக்கலாம். மன்னிப்புக் கடிதம் எழுதிக் கொடுத்த பிறகுதான் பெரும்பாலோர் திரும்ப எடுத்துக்கொள்ளப்பட்டார்கள். (நானும் அந்தக் கூட்டத்தில் நின்றவன். எனவே என் பேச்சில் சாய்வு இருக்கிறது என்று நினைப்பவர்கள் தாராளமாகக் கழித்துக்கொள்ளட்டும்.) 2004 மக்களவைத் தேர்தலில் அதிமுக ஓர் இடம்கூட வெல்லவில்லை. முடிவு வந்த சில நாட்களிலேயே இலவச மின்சாரம் திரும்ப வந்தது, 'எச்' முத்திரையும் போனது.

அந்தத் தேர்தலில் எல்லாக் கட்சிகளும் ஒரு பாடம் கற்றன: எதை வெட்டினாலும் அறிவித்து வெட்டாதே. 2021 ஆகஸ்டில் அப்போதைய நிதியமைச்சர் பழனிவேல் தியாகராஜன் வெளியிட்ட வெள்ளை அறிக்கை, ஒவ்வொரு குடும்பத்தின் தலையிலும் 2,63,976 ரூபாய் கடன் என்று கணக்குச் சொன்னது. ஆனால் 2001-ஐப் போல கத்திரி வரவில்லை. மகளிருக்குக் கட்டணமில்லாப் பஸ் ஓடியது, 2023 செப்டம்பரில் மாதம் ஆயிரம் ரூபாய் உரிமைத் தொகையும் வந்தது. இரண்டையும் நான் குறை சொல்ல மாட்டேன். அந்த ஆயிரம் ரூபாய் எங்கள் தெருப் பெண்களுக்கு என்ன என்று கண்ணால் பார்க்கிறேன்.

சரி, அப்போது இறுக்கிப்பிடிப்பது எங்கே நடக்கிறது? காலிப் பணியிடத்தில். ஒருவர் ஓய்வு பெறுகிறார். அந்த இடத்துக்கு ஆள் போடாமல் விட அரசாணை தேவையில்லை, சட்டசபையில் அறிவிப்பு தேவையில்லை. சம்பளம் மிச்சம். யாரும் கொடி பிடிக்கப் போவதில்லை. பக்கத்தில் இருப்பவரிடம் 'கூடுதல் பொறுப்பு' என்று ஒரு தாளை நீட்டினால் முடிந்தது.

எங்கள் பக்கத்து ஊர் விஏஓ அலுவலகத்தில் நடப்பதைச் சொல்கிறேன். கிராம நிர்வாக அலுவலர் ஒருவரே இரண்டு கிராமங்களைப் பார்க்கிறார். கதவில் 'செவ்வாய், வியாழன் மட்டும்' என்று எழுதிய தாள். கணவரை இழந்த ஓர் அம்மா வாரிசுச் சான்றுக்காக இ-சேவை மையத்தில் 60 ரூபாய் கட்டி விண்ணப்பித்திருந்தார். "ஆன்லைன்ல போட்டாச்சும்மா, விஏஓ லாகின்லதான் நிக்குது" என்று மையத்துப் பையன் சொல்லிவிட்டான். அவர் வந்தது திங்கட்கிழமை. நடவு வேலைக்குப் போகாமல் வந்திருக்கிறார், அன்றைய கூலி போச்சு. அந்த விஏஓவைத் திட்டவும் மனம் வரவில்லை. வியாழக்கிழமை அவரைப் போய்ப் பாருங்கள், மேஜையைச் சுற்றி நிற்கிற கூட்டத்தில் மனுஷன் தலையே தெரியாது. அரசு மிச்சம் பிடித்த சம்பளத்தில் ஒரு பங்கை அந்த அம்மா தன் கூலியிலிருந்து கட்டியிருக்கிறார். இது எந்த பட்ஜெட் புத்தகத்திலும் வராது.

இதற்கு இன்னொரு வழியும் உண்டு: ஆள் எடுப்பது, ஆனால் ஊழியர் என்று சொல்லாமல் எடுப்பது. 2015-இல் மருத்துவப் பணியாளர் தேர்வு வாரியம் நடத்திய தேர்வில் வென்ற செவிலியர்களை மாதம் 7,700 ரூபாய் தொகுப்பூதியத்தில் வைத்தார்கள். பணி நிரந்தரம் கேட்டு அவர்கள் 2017-இல் சென்னையில் டிஎம்எஸ் என்கிற மருத்துவப் பணிகள் இயக்கக வளாகத்தில் உட்கார வேண்டியதாயிற்று. அது அதிமுக ஆட்சி. திமுக ஆட்சியில், 2022-இல், ஒப்பந்தம், அவுட்சோர்சிங் வழியாக ஆள் எடுப்பதை ஆராய 115-ஆம் எண் அரசாணை போட்டு ஒரு குழு அமைத்தார்கள். சங்கங்கள் கொதித்தெழுந்ததும் அதன் ஆய்வு வரம்புகளை ரத்து செய்தார்கள். யார் ஆண்டாலும் நிதித் துறையின் கை ஒரே பக்கம்தான் நீளுகிறது.

நிதித் துறைக்கும் நெருக்கடி இருக்கிறது, ஒப்புக்கொள்கிறேன். கடன் வாங்க மத்திய அரசு வரம்பு வைக்கிறது. சம்பளம், பென்ஷன், வட்டி மூன்றையும் தள்ளிப்போட முடியாது. வெட்டியே ஆக வேண்டும் என்றால் வெட்டட்டும். எதை, ஏன் என்று சபையில் சொல்லிவிட்டு வெட்டட்டும். எதிர்க்கட்சி கத்தும், நாமும் கத்துவோம், அதற்குத்தானே சட்டசபை? சத்தமில்லாமல் காலியாக விட்டால் யாரிடம் போய்ச் சண்டை போடுவது?

உங்களிடம் ஒரு கோரிக்கை. பட்ஜெட் நாளில் வரவு ஒரு ரூபாய், செலவு ஒரு ரூபாய் என்று வட்டப் படம் போடுகிறீர்கள். அதோடு ஒரு மாவட்டத்தையாவது எடுத்துக்கொண்டு, விஏஓ அலுவலகம், ஆரம்ப சுகாதார நிலையம், கிளை நூலகம், பஸ் டெப்போ ஒவ்வொன்றிலும் அனுமதித்த இடம் எத்தனை, ஆள் இருப்பது எத்தனை என்று வெளியிடுங்கள். பணியாளர் பட்டியலை ஒவ்வொரு அலுவலகமும் கேட்காமலே வெளியிட வேண்டும் என்று தகவல் உரிமைச் சட்டத்தின் 4-ஆம் பிரிவு சொல்கிறது. வெளியிடவில்லை என்றால் மனுப் போடலாம், கட்டணம் பத்து ரூபாய். எங்கள் மாவட்டத்துக்கு வேண்டுமானால் மனுக்களை நானே எழுதித் தருகிறேன்.

இப்படிக்கு,
ஓய்வு பெற்ற வருவாய்த் துறை ஊழியர்,
திருவாரூர் மாவட்டம்.