இருநூறு சிடியும் ஐந்து டாலரும்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

இணையத்தில் பாட்டு விற்பது பிச்சைக்காசு வேலை என்று போன வாரம் ஒரு வாசகர் எழுதியிருந்தார். நான் 2006-இல் எங்கள் உறுமி மேளக் குழுவின் 200 சிடிகளை ஒரு கடையில் கொடுத்தவன். "வித்ததும் காசு தர்றேன் அண்ணே" என்றார் கடைக்காரர். அப்புறம் கடையையே மூடிவிட்டார். காசும் இல்லை, சிடியும் இல்லை.

இப்போது மகன் பாடுகிறான். செம்பனை ஆலையில் ஷிப்ட் முடிந்து வந்து, எதிரொலி அடங்க மெத்தையைச் சுவரில் சாய்த்துவைத்து அதன் முன்னால் நின்று பதிவு செய்கிறான். மழை வந்தால் வேலை நின்றுவிடும். எங்களுடையது தகரக் கூரை. பாட்டு கேட்கும் செயலியான ஸ்பாட்டிஃபையில் ஒரு பாட்டு 12 மாதத்தில் 1,000 முறையாவது ஒலித்தால்தான் உரிமைத்தொகைக் கணக்கில் சேரும். 2024 முதல் அப்படி. அதனால் பாடுகிறவர்களே பாட்டை விற்கும் பேண்ட்கேம்ப் என்ற இணையதளத்தில் நேராக விற்கிறான். டிஜிட்டல் விற்பனையில் 15 விழுக்காடு அவர்களுக்கு, பணப் பரிமாற்றக் கட்டணம் தனி, மீதி நமக்கு. 3 டாலர் விலை போட்டிருந்தான். கிள்ளானிலிருந்து ஒருவர் 5 டாலர் கொடுத்து, "உறுமிச் சத்தத்தை இன்னும் கூட்டுங்க தம்பி" என்று எழுதியிருந்தார். என் காலத்தில் சிடி வாங்கியவர் யாரென்றே எனக்குத் தெரியாது.

சரி, பத்துப் பேர் வாங்கினால் வீட்டு வாடகை வராது. அதில் வாசகர் சொன்னது உண்மைதான். ஆனால் எங்கள் பக்கத்துப் பிள்ளைகள் பலருக்கு இப்படி ஒரு வழி இருப்பதே தெரியவில்லை. கணக்கு திறப்பது எப்படி, பணத்தை எடுப்பது எப்படி என்று உங்கள் ஞாயிறு மலரில் ஒரு பக்கம் போடுங்கள். உறுமிக்குத் தோல் மாற்றவாவது காசு வரும்.

இப்படிக்கு,
ஒரு பழைய உறுமிக்காரன்,
சுங்கை சிப்புட், பேராக்