அவன் எதையும் விரல் நீட்டிக் காட்டவில்லை

அன்புள்ள பாப்பாவுக்கு,

அம்மா எழுதுகிறேன். குட்டிக்கு ஆட்டிசம் இருக்குமோ, டாக்டரிடம் காட்டு என்று நான் சொன்னதும் ஞாயிற்றுக்கிழமை நீ போனை வைத்த வேகத்திலேயே உன் கோபம் புரிந்தது. ஆட்டிசம் என்றால், பேசுவதும் பிறரோடு பழகுவதும் மற்ற பிள்ளைகளைப் போல் வராமல் வேறு மாதிரி வளர்வது. "பேரனைக் குறை சொல்லவா ரெண்டு வாரம் வந்து இருந்துட்டுப் போனே?" என்று கேட்டாய். மறுபடியும் போனில் சொன்னால் நீ கத்துவாய், நான் அழுதுவிடுவேன். அதனால்தான் கடிதம்.

குட்டிக்கு இப்போது 22 மாதம். நான் கண்ணால் பார்த்ததை மட்டும் சொல்கிறேன். பிஸ்கட் வேண்டுமென்றால் என் மணிக்கட்டைப் பிடித்து இழுத்துப்போய் டப்பாவின் மேல் என் கையை வைப்பான், முகத்தைப் பார்ப்பதில்லை. பால்கனியில் அணில் ஓடியபோது "அதோ பார்" என்று காட்டினேன். அவன் கண் அந்தப் பக்கமே போகவில்லை. அவனாக எதையாவது விரல் நீட்டிக் காட்டிவிட்டு நம்மைத் திரும்பிப் பார்த்ததும் கிடையாது. பேர் சொல்லிப் பத்துத் தடவை கூப்பிட்டாலும் அசையாதவன், அடுத்த அறையில் சிப்ஸ் பாக்கெட் பிரிக்கும் சத்தத்துக்கு ஓடி வருகிறான். அப்புறம் அந்த "தாத்தா", "பூ"? ஒரு வயதில் சொல்லிக்கொண்டிருந்தானே, இப்போது எங்கே? வந்த பேச்சு நின்றுபோனால், எந்த வயதானாலும் டாக்டரிடம் காட்டியே ஆகவேண்டும்.

உனக்கு இதுவரை சொல்லாத ஒன்றைச் சொல்கிறேன். என் பால்வாடிக்கு ஒரு பையன் வந்தான். அழமாட்டான், அடம்பிடிக்க மாட்டான். வாசலில் கிடக்கும் செருப்பையெல்லாம் வரிசையாக அடுக்கிக்கொண்டே இருப்பான். எனக்கு இருந்தது முப்பது பிள்ளைகள். இவன் ஒருத்தன்தான் சமத்து என்று ஊரெல்லாம் சொன்னேன். மாதாமாதம் எடை போட்டு அட்டையில் புள்ளி வைத்தேன், எடை சரியாகவே இருந்தது. "டீச்சர், இன்னும் பேச்சு வரலையே" என்று அவன் அம்மா கேட்டபோது, "ஆம்பளைப் பிள்ளை, மெதுவாத்தான் பேசுவான்" என்று அனுப்பிவிட்டேன். ஆறு வயதில் பள்ளிக்கூடத்தில் உட்காரமாட்டேன் என்றபோதுதான் அவனுக்கு ஆட்டிசம் என்று தெரிந்தது. அந்தப் பெண் இன்றைக்கும் பஸ்ஸில் பார்த்தால் சிரிக்கிறாள். எனக்குத்தான் முகம் கொடுக்க முடிவதில்லை.

மாப்பிள்ளையும் மூன்று வயதில்தான் பேசினார் என்று உன் அத்தை சொல்கிறார். இருக்கட்டும். நாக்கில் வசம்பு தேய்ப்பதை மட்டும் நிறுத்தச் சொல். பிள்ளை வளர்ப்பான் என்று அதற்குப் பேர்தான் பெரிது.

இது ஆட்டிசம்தான் என்று நான் சொல்லவில்லை. முதலில் காது பார்க்கவேண்டும். சிப்ஸ் சத்தத்துக்கு ஓடி வருகிறானே என்பது போதாது, முறையான காதுப் பரிசோதனை வேண்டும். பிறகு குழந்தைகளின் வளர்ச்சியைப் பார்க்கும் டாக்டர். 16 முதல் 30 மாதம் வரையுள்ள பிள்ளைகளுக்கென்றே 20 கேள்விகள் வைத்திருக்கிறார்கள், எம்-சாட் என்று பேர். அதில் தேறாவிட்டால் ஆட்டிசம் என்று அர்த்தமில்லை, இன்னும் நன்றாகப் பார்க்கவேண்டும் என்றுதான் அர்த்தம். உனக்கு முட்டுக்காடு பக்கம்தானே, மத்திய அரசின் மாற்றுத்திறனாளிகள் நிறுவனம் அங்கே இருக்கிறது. வீட்டில் அவன் விளையாடுவதைப் போனில் படம் பிடித்து எடுத்துப்போ. புது இடத்தில் பிள்ளை வேறு மாதிரி இருப்பான்.

தடுப்பூசியால் வந்ததோ என்று கேட்டாய். இல்லை. 1998-இல் லான்செட் என்ற மருத்துவப் பத்திரிகையில் அப்படி எழுதிய கட்டுரையை 2010-இல் அந்தப் பத்திரிகையே திரும்பப் பெற்றுக்கொண்டது. நம் ஊரில் இரண்டாவது தட்டம்மை ஊசி போடும் வயதும் இதெல்லாம் கண்ணில் படும் வயதும் ஒன்றாக இருக்கிறது, அவ்வளவுதான். நீ வேலைக்குப் போனதாலும் வரவில்லை. இதைச் சொல்கிறவர் யாராக இருந்தாலும் என்னிடம் பேசச் சொல்.

ஆட்டிசம் என்றே சொன்னாலும், பேச வைக்கும் மாத்திரை எதுவும் கிடையாது. ஸ்டெம் செல் (மூல உயிரணு) சிகிச்சை என்று லட்சக்கணக்கில் கேட்கிறவர்களிடம் போய்விடாதே. பேச்சுப் பயிற்சி, அன்றாட வேலைகளைப் பழக்கும் ஆக்குபேஷனல் தெரபி, அதைவிட வீட்டில் நாம் தினமும் செய்வது, இதெல்லாம்தான் வழி. தரையில் அவன் எதிரே உட்கார். ஊஞ்சலை நாலு தடவை ஆட்டிவிட்டுப் பிடித்து நிறுத்து. அவன் உன்னைப் பார்க்கும்வரை பொறு, பார்த்த உடனே ஆட்டு. முடிவு தெரியட்டும் என்று காத்திருக்காமல் இன்றைக்கே தொடங்கலாம்.

வெள்ளிக்கிழமை ராத்திரி பஸ் ஏறுகிறேன். திங்கட்கிழமைக்கு டாக்டரிடம் நேரம் வாங்கி வை. மாப்பிள்ளையிடம் நீ சொல்கிறாயா, நான் வந்து சொல்லட்டுமா?

அம்மா